விளக்குத் தந்தோம், பற்றரியை மறந்தோம்

காலபோக அறுவடை முடிந்து வயல்களில் ஒட்டுத்தாள் மட்டும் எஞ்சியிருந்த மாசி மாத மாலையொன்றில், உருத்திரபுரத்திலுள்ள மாமியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வாய்க்கால்களின் இலக்கங்களால் மூலைமுடுக்குகள் அறியப்படும் ஊர் அது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றம். மின்கம்பி வீதியோடு நின்றுவிடுகிறது. மாமியின் வீடோ வீதியிலிருந்து வயல் வரம்புகளைக் கடந்து உள்ளே தள்ளியிருக்கிறது. அத்தனை தூரத்துக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவை அவரால் ஏற்க இயலாது. ஆகவே மீள்குடியேற்றத்தின் பின் கிடைத்த 100 வாற்று சூரியப் பனல் ஒன்றே அந்த வீட்டின் மின்சார நிலையம்.

பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலம் செல்வதற்குள் விளக்குகள் மங்கத் தொடங்கின. மாமி சலனமின்றி எழுந்து சென்று குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"உது இப்ப பழகிப்போச்சு தம்பி. பிள்ளை படிக்கேக்கை மட்டும்தான் கவலை. மற்றது, இரவிலை கிணத்தடிக்குப் போகேக்கை புடையன் கிடந்தாலும் தெரியாது" என்றார்.

பிள்ளை என்று அவர் குறிப்பிட்டது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் பேத்தியை. எழுபது வயது கடந்த ஒரு மூதாட்டியும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளையும் மட்டும் வாழும் வீட்டில், வயல் நடுவே, விளக்கு என்பது வசதி அன்று, பாதுகாப்பு.

மறுநாள் காலை வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் நான் கண்ட காட்சியே இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது. அங்கே மூன்று பற்றரிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று, பனலோடு வந்தது. இரண்டாவது, உழவு இயந்திரத்துக்கு வாங்குகின்ற வகை. மூன்றாவது, ரொறன்ரோவிலுள்ள மகன் பணம் அனுப்பி வாங்குவித்த 200 அம்பியர் மணிப் பற்றரி. இரண்டு பேர் சேர்ந்தாலன்றி அசைக்க முடியாத பாரம். மூன்றும் செத்துவிட்டன. கடைசியாக அயலவர் ஒருவர் இரவல் தந்த பழைய பற்றரிதான் இரண்டு மணித்தியாலம் எரிந்து அணைந்தது. கூரையில் இருந்த பனலோ இத்தனை ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் பிறகும் ஒரு குறையுமின்றி வேலை செய்துகொண்டிருந்தது.

நான் கலைப்பீடத்தில் பட்டம் பெற்றவன். மின்சாரம் எனது துறையன்று. ஆயினும் முப்பதாண்டு காலச் செய்தித்துறை வாழ்வு ஒரு பழக்கத்தைத் தந்திருக்கிறது. ஒரு விடயம் மூன்று முறை தோற்றால், அதில் தற்செயல் என்று எதுவும் இல்லை. எங்கோ ஒரு கணக்குப் பிழைத்திருக்கிறது என்று தேடுவது. தேடியதில் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஊரில் உறவினருக்குச் சூரிய விளக்குப் போட்டுக்கொடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

முதலில் ஒரு பழைய நினைவு. 1990களில் வடக்குக்கு எடுத்துச்செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் ரோர்ச் லைற் பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. இளம் செய்தியாளனாக நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். சுற்றுகின்றவர் களைத்தால் செய்தி நின்றுவிடும். மின்சாரத்தை உண்டாக்குவது ஒன்று, அதைச் சேமித்து வைப்பது வேறொன்று என்ற பாடத்தை எமது மக்கள் அன்றே கற்றார்கள். ஆனால் சூரியப் பனல் வந்தபோது அந்தப் பாடத்தை நாம் மறந்தோம். பனலையே விளக்கு என்று எண்ணிவிட்டோம்.

பனல் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். பற்றரியின் ஆயுள் அதில் ஒரு பங்குதான். அதாவது ஒரு பனலின் வாழ்நாளில் பற்றரி பலமுறை மாற்றப்பட வேண்டும். உலக வங்கியின் உதவியோடு 2002 முதல் 2011 வரை நடைபெற்ற மீளுருவாக்கச் சக்தித் திட்டத்தின் கீழ் இலங்கையின் கிராமப்புறங்களில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடனுக்குச் சூரிய விளக்குகளைப் பெற்றன. அது ஒரு சாதனையே. ஆனால் எந்தத் திட்டத்திலும், எந்தக் கொடையிலும், முதல் பற்றரி செத்த நாளில்தான் உண்மையான பரீட்சை தொடங்குகிறது. திறப்புவிழாவில் நாடா வெட்டியவர்கள் அன்று அங்கே இருப்பதில்லை.

இனி மாமியின் மூன்று பற்றரிகளுக்கும் என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

உழவு இயந்திரப் பற்றரியின் கதை எளிது. இயந்திரத்தை இயக்கும் அந்தச் சில விநாடிகளில் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டுவதற்காகவே அது மெல்லிய ஈயத் தகடுகளால் ஆக்கப்படுகிறது. உடனேயே இயந்திரம் அதை மீண்டும் நிரப்பிவிடும். இரவு முழுவதும் சிறிது சிறிதாக வடித்து, அடிவரை வற்றவிடும் வேலை அதற்கு உரியதன்று. ஓட்டப்பந்தயக் குதிரையை ஏரில் பூட்டினால் எத்தனை நாள் தாங்கும்? விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எமது ஊர்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடைபெறுகிறது.

200 அம்பியர் மணிப் பற்றரியின் கதைதான் கவலைக்குரியது. அதில் பாசம் இருந்தது, பணம் இருந்தது, கணக்கு மட்டும் இருக்கவில்லை. "பெரிசா வாங்கிக் குடுத்தா கனகாலம் நிக்கும் மச்சான்" என்று மகன் தொலைபேசியில் சொன்னார். நம்மில் பெரும்பாலானோர் நினைப்பதும் அதுவே. அண்டா பெரிதென்றால் தண்ணீர் தானாக நிறையுமா? கிணற்றில் ஊறுவது எவ்வளவு என்பதன்றோ கேள்வி?

கணக்கைப் பார்ப்போம். மாமி வீட்டில் 5 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் நான்கு, ஐந்து மணித்தியாலம்: 100 வாற்று மணி. 15 வாற்று மின்விசிறி எட்டு மணித்தியாலம்: 120. கைத்தொலைபேசிகளுக்கு 20. வானொலிக்கு 20. மொத்தம் ஓர் இரவுக்கு 260 வாற்று மணி. வன்னியின் நல்ல வெயிலில், சாதாரண கட்டுப்படுத்தியோடு 100 வாற்றுப் பனல் ஒரு நாளில் பற்றரிக்குக் கொடுப்பது ஏறத்தாழ 320 வாற்று மணி. ஈயப் பற்றரியில் இட்டதெல்லாம் திரும்ப வராது. ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே கழிந்துவிடும். 260 எடுக்க வேண்டுமானால் 325 இட வேண்டும். வருவதோ 320.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். பற்றரி ஒருநாளும் வயிறு நிறையவில்லை. ஈயப் பற்றரி நாட்கணக்கில் அரைவயிற்றோடு கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்று கெட்டியாகப் படிந்துவிடும். அது இறுகியபின் எந்த மின்னேற்றமும் அதைக் கரைக்காது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அம்பியராவது மின்னோட்டம் கிடைக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் பொதுவிதி. 200 அம்பியர் மணிக்கு 20 அம்பியர். மாமியின் பனல் உச்சி வெயிலிலும் தருவது 5 அல்லது 6 அம்பியர் மட்டுமே. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் அதுவும் இல்லை. அந்தப் பெரிய பற்றரி பட்டினி கிடந்தே செத்தது.

ஆகவே பற்றரி வாங்கப் போவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி 'எது பெரியது' என்பதன்று. 'எனது இரவுச் செலவு எவ்வளவு, எனது பனல் தருவது எவ்வளவு' என்பதே. ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். இந்தக் கணக்கைக் கேட்காமல் பற்றரி விற்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது, எந்த வகை? இன்று சந்தையில் முதன்மையாக இரண்டு தெரிவுகள் உள்ளன. ஒன்று, 1859 இல் பிரான்சிய அறிஞர் பிளான்ரே கண்டுபிடித்த ஈய அமிலப் பற்றரியின் வழிவந்தவை. அவற்றுள் சூரிய மின்சாரத்துக்கு உகந்தது குழாய்த் தகடுகள் கொண்ட 'ரியூபுலர்' வகை. மற்றது, இலிதியம் இரும்பு பொஸ்பேற்று. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் குழுவினர் கண்டறிந்தது. அவரோடு நீண்டகாலம் பணியாற்றி, இவ்வகைச் சேர்மங்களுக்கு 1980களிலேயே அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019 இல் குடினஃப் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, அவருக்காக ஸ்ரொக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே.

ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஆயுள் விரைவாகக் குறையும். இலிதியம் இரும்பு பொஸ்பேற்றில் ஐந்தில் நான்கு பங்கு எடுக்கலாம். எனவே 12 வோல்ற்று 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி பயன்தருவது 600 வாற்று மணி. 12.8 வோல்ற்று 50 அம்பியர் மணி இலிதியப் பற்றரி பயன்தருவது 512. மாமி வீட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய இரண்டு இரவுச் சேமிப்பு. பெயர்ப்பலகையில் பாதியாகத் தெரிவது, பயனில் பாதியன்று.

ஆயுளைப் பாருங்கள். நல்ல ரியூபுலர் பற்றரி, பாதிவரை மட்டும் எடுத்தால், ஏறத்தாழ 1,200 சுற்றுகள் தாங்கும் என்று வைப்போம். நல்ல இலிதியப் பற்றரி 3,000. அப்படியானால் ஈயம் தன் வாழ்நாளில் தருவது 720 கிலோவாற்று மணி. இலிதியம் தருவது 1,536. இரு மடங்குக்குச் சற்று அதிகம். ஆக, கடையில் இரண்டின் விலையையும் கேளுங்கள். இலிதியத்தின் விலை ஈயத்தின் விலையைப்போல் இரு மடங்குக்குள் இருந்தால், இலிதியமே மலிவு. ரூபாவின் பெறுமதி 2022 இல் எப்படிச் சரிந்தது என்பதைக் கண்டவர்கள் நாம். இன்றைய விலை நாளை இராது. ஆனால் இந்த வாய்ப்பாடு இருக்கும்.

மாமியின் விடயத்தில் எனது தீர்ப்பை முடிவுசெய்தது விலை மட்டுமன்று. இலிதியத்துக்கு அரைவயிறு பிரச்சினையன்று. நாட்கணக்கில் நிரம்பாமல் கிடந்தாலும் அது கெட்டுப்போவதில்லை. இட்டதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். 260 எடுக்க 275 அளவில் இட்டால் போதும். 320 தரும் பனலுக்கு அது கட்டுப்படியாகும். ஈயப் பற்றரியேதான் வேண்டுமென்றால் இன்னொரு 100 வாற்றுப் பனலையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலும், ஈயப் பற்றரியின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை பார்த்து, காய்ச்சி வடித்த நீர் விட வேண்டும். கிணற்று நீர் விட்டால் அதிலுள்ள உப்புகளே அதைக் கொன்றுவிடும். அந்த வேலையை எழுபது வயதுப் பெண்மணியிடம் ஒப்படைப்பது நியாயமா?

ஆயினும் ஈயம் எங்கும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. போதிய பனலும், பராமரிக்க இளையவர்களும் உள்ள வீட்டுக்கு ரியூபுலர் பற்றரி நல்ல தெரிவே. பழுதென்றால் கிளிநொச்சி நகரில் பார்க்க ஆள் உண்டு. செத்த பின்னும் பழைய ஈயத்துக்குக் கடையில் விலை உண்டு. கைக்கு எட்டும் பணம் எவ்வளவு என்பதும் ஒரு நியாயந்தான்.

எந்த வகையானாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய கட்டுப்படுத்தியில் இலிதியத்துக்கான அமைப்பு இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டும். ஈயத்துக்கென வகுத்த உயர் வோல்ற்று மின்னேற்றம் இலிதியத்துக்கு ஆகாது. பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று இருக்க வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. தகரக் கொட்டகைக்குள் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். ஈயப் பற்றரி வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். 100 அம்பியர் மணி என்று எழுதப்பட்டது 25 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், எழுத்தில் உள்ள ஈயம் உள்ளே இல்லை. உற்பத்தித் திகதியையும் பாருங்கள். மாதக்கணக்காகக் கடைத் தட்டில் மின்னேற்றமின்றிக் கிடந்தது பாதி செத்த பற்றரி. பழைய மடிக்கணினிக் கலங்களைக் கோத்து 'இலிதியம்' என்று விற்பவற்றின் பக்கம் போகவே வேண்டாம். பாதுகாப்புச் சுற்று உள்ளதா, இலிதியம் இரும்பு பொஸ்பேற்றுத்தானா, உத்தரவாதம் யார் தருகிறார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இரண்டு குறிப்புகள். உறைநிலைக்குக் கீழ் இலிதியப் பற்றரியை மின்னேற்றக்கூடாது என்று கனடாவிலும் நோர்வேயிலும் உள்ளோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை. ஆனால் வன்னியில் அந்தக் கவலை இல்லை. அடுத்தது, அங்கிருந்து பயணப்பையில் கொண்டுவரலாம் என்று எண்ணாதீர்கள். 160 வாற்று மணிக்கு மேற்பட்ட தனி இலிதியப் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துவர இயலாது. வீட்டுக்குத் தேவையானது அதைப்போல் நான்கு மடங்கு. பணத்தை அனுப்புங்கள், பற்றரியை ஊரிலேயே, உத்தரவாதம் கேட்கக்கூடிய தூரத்தில் வாங்கட்டும்.

தாழ்வாரத்தில் கிடந்த அந்த மூன்று பற்றரிகளையும் மறந்துவிடக்கூடாது. செனெகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே, பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த குடியிருப்பொன்றில், 2007 - 2008 காலப்பகுதியில் 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தனர். குழந்தைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிணற்று நீரை நம்பி வாழும் ஊரில், பழைய பற்றரியை உடைப்பதும் அமிலத்தை நிலத்தில் ஊற்றுவதும் எமது பிள்ளைகளுக்கு நாமே செய்யும் கேடு. உடைக்காமல், கவிழ்க்காமல், கடையில் கொடுத்து விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். மாமியின் மூன்றையும் அப்படித்தான் கொடுத்தோம்.

பங்குனியில் 50 அம்பியர் மணி இலிதியப் பற்றரி ஒன்றும் புதிய கட்டுப்படுத்தி ஒன்றும் பொருத்தினோம். மகனும் நானும் செலவைப் பகிர்ந்துகொண்டோம். அதோடு இன்னொன்றும் செய்தோம். பற்றரியின் விலையை 96 மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையை மகன் மாதந்தோறும் மாமியின் வங்கிக் கணக்கில் இடுகிறார். எட்டாண்டு கழித்து இது செத்தால், அடுத்ததற்கான பணம் அங்கே இருக்கும். மாமிக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. "புதுசு வாங்கின அண்டைக்கே அதின்ரை செத்தவீட்டுக்குக் காசு சேர்க்கிறியள்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனது வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊருக்கு உதவும் சங்கங்களே, பழைய மாணவர் அமைப்புகளே, ஊர் ஒன்றியங்களே: பத்து வீடுகளுக்குப் பனல் கொடுக்கும் பணம் உங்களிடம் இருந்தால், ஆறு வீடுகளுக்குக் கொடுங்கள். மிகுதியை அந்த ஆறு வீடுகளின் அடுத்த பற்றரிக்கென ஒதுக்கி வையுங்கள். புகைப்படத்தில் நான்கு முகங்கள் குறையும். ஆனால் எட்டாண்டின் பின்னும் ஆறு வீடுகளில் விளக்கு எரியும். இப்போது நடப்பதோ, மூன்றாண்டின் பின் பத்து வீடுகளும் இருளில் கிடப்பது.

சென்ற கிழமை மாமியோடு கதைத்தேன். பேத்தி பத்தரை மணிவரை படிக்கிறாளாம். கிணற்றடி விளக்கு விடியும்வரை எரிகிறதாம். மகிழ்ச்சிதான். எனினும் வெற்றி என்று இப்போதே எழுதிவிட மாட்டேன். கார்த்திகை மழையில் மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடியிருக்கும்போதுதான் எனது கணக்குச் சரியா என்று தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும் வாசகர்கள், முன்பு நீங்கள் போட்டுக்கொடுத்த சூரிய விளக்கு உள்ள வீட்டில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். எத்தனை மணிக்கு அது மங்குகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வீட்டாரோடு உட்காருங்கள்.